ஒல்லியா இருந்தா சுகர் வராதா? - வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த மெயில், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் எல்லாத்தையும் பாத்தா முக்காவாசி ஒரே விஷயத்தை தான் சுத்தி சுத்தி வருது. என் உடம்பு வாகு இப்படி, அப்போ எனக்கு நோய் வருமா வராதா, நான் எதை சாப்பிடணும், எவ்ளோ நடக்கணும். அதனால இந்த தடவை தூக்கம், முடி கொட்டறது கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, வயசு 29, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. ஹைட் 170 சென்டிமீட்டர், வெயிட் 62 கிலோ. காலேஜ்ல என்னை ஓமக்குச்சின்னு தான் கூப்பிடுவாங்க. கம்பெனி செக்கப்ல ஹெச்பிஏ1சி 6.0ன்னு வந்து டாக்டர் ப்ரீ டயாபட்டிஸ்னு எழுதிட்டார். அப்பாவுக்கு சுகர் இருக்கு, சரி, ஆனா அவர் நல்ல பருமன். நான் குண்டே இல்லையே, லேப்ல ரிப்போர்ட் மாறியிருக்குமா?

பதில்: தம்பி, ரிப்போர்ட்ல சந்தேகம் இருந்தா வேற ஒரு நாள் ஃபாஸ்டிங் சுகரும் சேர்த்து இன்னொரு தடவை எடுத்து பாத்துடுங்க, தப்பே இல்ல. ஆனா 'நான் ஒல்லி, எனக்கு எப்படி வரும்'னு மட்டும் நினைக்காதீங்க, நம்ம ஊர்ல அது செல்லாது. ஹெச்பிஏ1சிங்கறது ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகர் கணக்கு, அது 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் இருந்தா ப்ரீ டயாபட்டிஸ், அதாவது சுகருக்கு முந்தின படி தான், நீங்க நடுவுல நிக்கிறீங்க.

2004ல லான்செட் பத்திரிகைல ஒரு போட்டோ வந்துச்சு, ரெண்டு டாக்டருங்க பக்கத்துல பக்கத்துல நிக்கிறாங்க, ஒருத்தர் புனே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் டாக்டர் ஜான் யுட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு, 22.3, புள்ளி கூட மாறல. ஆனா உடம்புல இருக்கற கொழுப்பை அளந்தா லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2, அதாவது ரெண்டு மடங்குக்கும் மேல. யுட்கின் மாரத்தான் ஓடறவர், யாஜ்னிக் ஓடறது தினமும் காலைல ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடறதுக்குள்ள மட்டும் தான்னு அவங்களே அந்த கட்டுரைல கிண்டலா எழுதியிருந்தாங்க. அதோட நிக்கல, யாஜ்னிக் பொறக்கும்போதே எடை கம்மிங்கறதையும் சொல்லியிருந்தாங்க, ஏன்னா அவரோட பெரிய வேலையே அது தான். புனே பக்கத்து கிராமத்துல பொறக்கற குழந்தைங்க சராசரியா 2.7 கிலோ, இங்கிலாந்துல 3.5 கிலோ, ஆனா நம்ம குழந்தைக்கு குறையறது பெரும்பாலும் சதை தான், கொழுப்பு அந்த அளவுக்கு குறையறதில்ல. பொறக்கும்போதே அப்படி வர்ற உடம்பு, வளர்ந்தப்புறம் சேர் ஒன்பது மணி நேரம், பைக் ஒரு மணி நேரம், ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டான்னு போனா கையும் காலும் குச்சியாவே இருக்கும், சட்டைக்குள்ள மட்டும் சின்னதா ஒரு தொந்தி எட்டி பாக்கும். கண்ணாடில பாத்தா உங்களுக்கும் இருக்கும்னு நினைக்கறேன், இல்லேன்னா சந்தோஷம்.

பிஎம்ஐயை தூக்கி போட வேண்டாம், ஆனா அது எடையையும் உயரத்தையும் மட்டும் தான் பாக்கும், உள்ள இருக்கறது சதையா கொழுப்பா, கொழுப்புன்னா எந்த இடத்துலன்னு அதுக்கு தெரியாது. நம்மளுக்கு அதோட கோடும் வேற, வெளிநாட்டு சார்ட்ல 25 தாண்டினா தான் ஓவர்வெயிட், இந்தியர்களுக்கு 23லயே ஆரம்பம், 25லயே உடல் பருமன். உங்களுக்கு 21.5 வருது, அதுல தப்பிச்சீங்க. அதனால டேப்பை எடுங்க. டெய்லர் டேப் போதும், சட்டையை தூக்கிட்டு கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்தி, மூச்சை சாதாரணமா விட்டுட்டு பாருங்க, வயித்தை எக்க கூடாது. பேன்ட் சைஸ் 32ன்னு சொல்லிட்டு ஓடாதீங்க, நம்ம ஆம்பளைங்க பேன்ட் போடறது தொந்திக்கு கீழ, அது தொந்தியோட அளவே இல்ல. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதை தாண்ட கூடாதுங்கறது நம்ம கணக்கு. இன்னும் ஈசியா வேணும்னா உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும், உங்களுக்கு 85.

இப்போ என்ன பண்றது? இங்க ஒல்லியா இருக்கறவங்க பண்ற பெரிய தப்பு, பயந்து போய் சாப்பாட்டை பாதியாக்கி இன்னும் நாலு கிலோ குறைச்சிடறது. குறையறதுல சதையும் போயிடும், அப்புறம் சுகர் எங்க போய் தங்கும்? சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறற சுகருக்கு பெரிய குடோன் தொடை, பின்புறம், முதுகு சதை தான், குடோனை சின்னதாக்கிட்டு லோடு மட்டும் வந்துட்டே இருந்தா ரோட்ல தான் நிக்கும். அதனால உங்களுக்கு முதல் மருந்து வெயிட் தூக்கறது. ஜிம்முக்கு காசு இல்லையா, தண்டாலும் பஸ்கியும் நம்ம தாத்தா காலத்து சரக்கு தானே, வாரத்துக்கு ரெண்டு மூணு நாள், கடைசி ரெண்டு தண்டால் முக்கிட்டு வர்ற அளவுக்கு எடுங்க. கூடவே சாப்பாட்டுல முட்டை, சுண்டல், பயறு, தயிர், மீன்னு தட்டுல ஒண்ணாவது கண்ணுக்கு தெரியற அளவுக்கு இருக்கணும், சாம்பார்ல மிதக்கற நாலு பருப்பை கணக்குல சேர்க்காதீங்க.

நம்பிக்கைக்கு ஒண்ணு சொல்றேன். சென்னைல டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமைல ப்ரீ டயாபட்டிஸ் இருந்த 531 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2006ல வந்துச்சு. சும்மா விட்ட குரூப்ல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேர் சுகர் பேஷன்ட் ஆயிட்டாங்க, நடை, சாப்பாடு ரெண்டையும் மாத்தின குரூப்ல 39.3. இதுல எனக்கு பிடிச்ச விஷயம், மாத்தினவங்களுக்கு எடை பெருசா குறையவே இல்ல, அப்படியும் பலன் கிடைச்சிருக்கு. அதே ஆராய்ச்சில சும்மா விட்டவங்கள்ல பாதிக்கு மேல என்ன ஆனாங்கன்னும் பாத்தீங்கல்ல, அதனால அடுத்த வருஷ செக்கப் வரைக்கும் தள்ளி போடாதீங்க, மூணு மாசம் பண்ணிட்டு மறுபடி ஹெச்பிஏ1சி எடுங்க.

கேள்வி: மேடம், என் வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர், வயசு 46. வேலைக்கு சேரும்போது நல்லா தான் இருந்தார், இப்போ தொந்தி ஸ்டியரிங்ல இடிக்குது. கேட்டா 'டிரைவர்னா அப்படித்தான்டி, கண்டக்டர் மாதிரி நான் நடந்துட்டா இருக்கேன்'னு சிரிக்கறார். ஷிஃப்ட் வேற மாறி மாறி வருது. எப்படி திருத்தறது?

பதில்: உங்க வீட்டுக்காரர் சிரிச்சிட்டே சொன்னாரு பாருங்க, அதை ஒரு டாக்டர் சீரியஸா ஆராய்ச்சியே பண்ணியிருக்கார். ஜெர்ரி மாரிஸ்னு பேரு, லண்டன்ல மாடி பஸ் ஓடிட்டு இருந்த காலம், டிரைவர் நாள் முழுக்க உக்காந்தே இருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிட்டே இருப்பார், ஒரு ஷிஃப்டுக்கு ஐநூறு படிக்கும் மேல. ஒரே டிப்போ, ஒரே மாதிரி குடும்பம், ஏறக்குறைய ஒரே சம்பளம், ஆனா ஹார்ட் அட்டாக் கண்டக்டருங்களுக்கு கம்மியா தான் வந்திருக்கு, வந்தாலும் பட்டுன்னு சாகறது இன்னும் கம்மி. இது 1953ல வந்துச்சு. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு நம்பர் வச்சு காட்டின முதல் பெரிய ஆராய்ச்சி இது தான், இது பஸ் டிப்போலேர்ந்து வந்ததுங்கறது எனக்கு எப்பவும் சந்தோஷமான விஷயம்.

அப்புறம் யாரோ கேட்டிருக்காங்க, இல்ல சார், தொந்தி இருக்கறவன் டிரைவர் வேலைக்கு போறான், சுறுசுறுப்பா இருக்கறவன் கண்டக்டர் வேலைக்கு போறான், அதான் வித்தியாசம்னு. நியாயமான கேள்வி. மாரிஸ் டீம் என்ன பண்ணாங்க தெரியுமா, யூனிஃபார்ம் தைக்க எடுத்த இடுப்பளவு ரெஜிஸ்டரை வாங்கி பாத்தாங்க. ஆமா, டிரைவருங்க பேன்ட் வேலைக்கு சேரும்போதே கொஞ்சம் பெருசு தான். ஆனா ஒரே இடுப்பளவு இருக்கற டிரைவரையும் கண்டக்டரையும் பக்கத்துல வச்சு பாத்தப்பவும் கண்டக்டருக்கு தான் ஆபத்து கம்மி, ஒல்லி கண்டக்டரா இருந்தாலும் சரி தொந்தி கண்டக்டரா இருந்தாலும் சரி. அதனால உங்க வீட்டுக்காரருக்கு தொந்தி குறையறதுக்கு முன்னாடியே நடக்க ஆரம்பிச்சதுக்கு லாபம் வந்துடும், இதை அவர்கிட்ட சொல்லுங்க, தொந்தியை வச்சு கிண்டல் பண்ணா அவர் இன்னும் சிரிச்சிட்டு போயிடுவார்.

டிரைவர் வேலைல ஒரு மணி நேரம் ஒதுக்குன்னா நடக்காது. ட்ரிப் முடிஞ்சு டெர்மினஸ்ல வண்டி நிக்குமே, டைம் கீப்பர் ரூமுக்கு போய் கையெழுத்து போட்டுட்டு டீ கடைல உக்காராம ஸ்டாண்டை பத்து நிமிஷம் சுத்தி வரட்டும், ஒரு நாளைக்கு மூணு தடவை பண்ணினா வாரத்துக்கு 150 நிமிஷம் தாண்டிடும், உலக சுகாதார நிறுவனம் கேக்கறதும் குறைஞ்சது அவ்ளோ தான். டீ கடைல வடை, டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, இப்படி அஞ்சு டீ குடிக்கறாரான்னு பாருங்க, பெரும்பாலும் அங்க தான் தொந்தி வளருது, உங்க சமையல்ல இல்ல. பிபி ஒரு தடவை பாத்துடுங்க, அவர் மாட்டேன்னாலும். அப்புறம், ராத்திரி பலமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வந்தா, பகல்ல தூங்கி தூங்கி விழுந்தா, டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும், ஸ்டியரிங்கை பிடிக்கறவர் இல்லையா.

கேள்வி: அக்கா, மதுரைல ஜிம் போறேன். டிரெய்னர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு 'நீங்க எண்டோமார்ஃப், உங்க பாடி டைப்புக்கு கார்ப் ஆகாது, சோறு கட்'னு சொல்லிட்டார். என் ஃப்ரெண்ட் எக்டோமார்ஃப்பாம், அவளுக்கு பிரியாணி ஓகேவாம். இது உண்மையா? சோறு இல்லாம எனக்கு தலைவலி வருது.

பதில்: பிரியாணி சாப்பிட லைசென்ஸ் கொடுக்கற டிரெய்னர், நல்லா இருக்கே. இந்த எண்டோ (குண்டு), மீசோ (கட்டுமஸ்து), எக்டோ (ஒல்லி) பிரிவை கொண்டு வந்தவர் வில்லியம் ஷெல்டன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர், 1940 வாக்குல. காலேஜ் பசங்களை துணி இல்லாம போட்டோ எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் மூணு வகைலயும் ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் மார்க் போட்டு, குண்டா இருக்கறவன் ஜாலி, ஒல்லி கூச்ச சுபாவம்னு குணத்தையும் சேர்த்து ஒட்டி விட்டார். குணம் ஒட்டின கதை எல்லாம் பின்னாடி அடிபட்டு போச்சு. மிச்சம் இருக்கற மார்க் முறையை கொஞ்சம் திருத்தி விளையாட்டு வீரருங்க உடம்பை விவரிக்க இன்னும் யூஸ் பண்றாங்க, அது வேற. ஆனா அதுல சோறு எங்கயும் வரல பாருங்க. உருவத்தை வச்சு கார்ப் ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு சொல்ற சோதனை எதுவும் இல்ல, மேல கேட்டாரே ஐடி தம்பி, அவர் உருவத்துல பக்கா எக்டோமார்ஃப், சுகர் பாதி கிணறு தாண்டியாச்சு.

உங்க ஃப்ரெண்டும் நீங்களும் ஒரே மாதிரி எக்சர்சைஸ் பண்ணா ஒரே மாதிரி குறைய மாட்டீங்க, அது நிஜம், ஜீன், தூக்கம், தைராய்டு, மாத்திரை எல்லாம் சேர்ந்த விளையாட்டு. சோத்தை நிறுத்தாதீங்க, குறைங்க. முதல்ல காயும் பொரியலும் முட்டையும் சாப்பிட்டுட்டு கடைசில சோறு சாப்பிட்டு பாருங்க, அதே சோத்துக்கு சுகர் ஏறறது கம்மியாகும். டிரெய்னர்கிட்ட சண்டை வேண்டாம், ஸ்குவாட் ஒழுங்கா சொல்லி கொடுக்கறார்னா அதை மட்டும் கத்துக்கோங்க.

கேள்வி: பொண்ணுக்கு 16 வயசு, ப்ளஸ் ஒன் படிக்கறா. கொஞ்சம் பூசின உடம்பு. போன மாசம் ஒரு காதுகுத்துல அவ அத்தை எல்லார் முன்னாடியும் 'என்னடி பீப்பா மாதிரி ஆயிட்ட'ன்னு கேட்டுட்டாங்க, அதுலேர்ந்து காலைல சாப்பிடறதே இல்ல. பின்கழுத்து கருப்பா இருக்கு, பயத்தம்மாவு, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டு தேய்ச்சு விட்டேன், போகல. பீரியட்ஸும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை தான் வருது. என்ன டயட் கொடுக்கலாம்?

பதில்: அம்மா, முதல்ல அந்த பயத்தம்மாவை கீழ வைங்க. கழுத்து மடிப்புல, அக்குள்ல வெல்வெட் துணி மாதிரி தடிச்சு கருப்பா வர்றது அழுக்கு இல்ல, தேய்க்க தேய்க்க புண்ணாகுமே தவிர போகாது. பெரும்பாலும் உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாம, அதை ஈடு கட்ட உடம்பு அதிகமா சுரக்கும்போது தோல்ல தெரியற அடையாளம் அது. கூட பீரியட்ஸும் தள்ளி தள்ளி வருதுன்னா டயட் சார்ட் கேக்கற நேரம் இல்ல இது, மகப்பேறு டாக்டர் இல்லேன்னா ஹார்மோன் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் சுகர், தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்க. பிசிஓஎஸ்ஸா, அதாவது பீரியட்ஸை தள்ளி போடற சினைப்பை ஹார்மோன் கோளாறா, இல்லையான்னு அவங்க சொல்லட்டும், நீங்களும் நானும் யூடியூபும் முடிவு பண்ண வேண்டாம். பெரியவங்க பிஎம்ஐ சார்ட்டை அவளுக்கு வைக்காதீங்க, 18 வயசு வரைக்கும் வயசுக்கேத்த வளர்ச்சி சார்ட் தனியா இருக்கு.

காலைல சாப்பிடாம போற பொண்ணு என்ன பண்ணுவான்னா, நாலரை மணிக்கு ஸ்கூல் விட்டதும் பேக்கரில நின்னு ஒரு முட்டை பப்ஸ், ஒரு கூல்டிரிங்க்ஸ். வீட்டுக்கு வந்து குற்ற உணர்ச்சில ராத்திரியும் சாப்பிட மாட்டா. அதனால அவளுக்கு தனி தட்டு, தனி ஓட்ஸ் கஞ்சின்னு ஆரம்பிக்காதீங்க, வீட்ல எல்லாரும் ஒரே சாப்பாடு. காலைல ரெண்டு இட்லி, ஒரு வேகவச்ச முட்டை, இல்லேன்னா அடை, இல்லேன்னா பச்சைப்பயறு தோசை. கூல்டிரிங்க்ஸ் ஃப்ரிட்ஜ்ல இருக்கவே கூடாது, அவ தம்பிக்கும் சேர்த்து தான் சொல்றேன், அவன் ஒல்லியா இருக்கானேன்னு அவனுக்கு மட்டும் வாங்கி கொடுப்பீங்க, தெரியும்.

உடம்பை அசைக்க என்ன பிடிக்கும்னு அவகிட்டயே கேளுங்க, டான்ஸ், பேட்மின்டன், சைக்கிள், எதுவா இருந்தாலும். அடுத்த விசேஷத்துல அத்தை வாயை திறந்தா நீங்க பக்கத்துல நின்னு 'அண்ணி, அவ உடம்பை பத்தி இனிமே பேசாதீங்க'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க, தனியா கூப்பிட்டு சொன்னா வேலைக்கு ஆகாது. அவ சாப்பிட்டதை வாந்தி எடுக்கறா, ஒளிச்சு வைக்கறா, கண்ணாடி முன்னாடியே நிக்கறான்னு தெரிஞ்சா மனநல டாக்டரையும் பாக்கணும், கூச்சப்படாதீங்க.

கேள்வி: வயது 67, கும்பகோணம், ஓய்வு பெற்ற ஆசிரியர். மகன் வெளிநாட்டிலிருந்து கைக்கடிகாரம் ஒன்று அனுப்பியிருக்கிறான், தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. 6,000 தாண்டினால் முழங்கால் வலிக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். நடையை நிறுத்தி விடலாமா?

பதில்: ஐயா, நிறுத்த வேண்டாம், வாட்ச் சொல்றதை கேக்காம இருந்தா போதும். அந்த 10,000 எந்த டாக்டரும் கண்டுபிடிச்ச நம்பர் இல்ல, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டுல 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணற மீட்டரை விக்க வச்ச நம்பர். 2019ல ஹார்வர்டுல ஐ-மின் லீன்னு ஒரு ஆராய்ச்சியாளர், சராசரி 72 வயசுல இருந்த சுமார் 17,000 பெண்களுக்கு மீட்டர் மாட்டி பாத்தாங்க. 2,700 அடி நடக்கறவங்களை விட 4,400 நடக்கறவங்களுக்கு மரண ஆபத்து 41 சதவீதம் கம்மி, 7,500க்கு மேல போனா கூடுதல் லாபம் பெருசா இல்ல. நீங்க 6,000 நடக்கறீங்க, பாஸ் மார்க் எப்பவோ தாண்டியாச்சு, வாத்தியாருக்கு நான் சொல்லணுமா.

அந்த 6,000த்தையும் காலைல ஒரே மூச்சுல முடிக்காம மூணா பிரிச்சு, சாப்பிட்டதுக்கு அப்புறம் பத்து பதினஞ்சு நிமிஷமா நடங்க, முழங்காலுக்கும் நல்லது, சுகருக்கும் அந்த நேரத்து நடை தான் அதிகம் வேலை செய்யும். வெறும் வயித்துல மாத்திரையை போட்டுட்டு இருட்டுல கிளம்பாதீங்க, சில மாத்திரைக்கு சுகர் சட்டுன்னு இறங்கி கை நடுங்கும், வேர்க்கும், எதுக்கும் சட்டை பைல ரெண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டோ சர்க்கரை மிட்டாயோ இருக்கட்டும்.

முழங்காலுக்கு நடையை விட முக்கியம் தொடை பலம். கைப்பிடி இல்லாத நாற்காலில உக்காந்து, கையை மார்ல கட்டிக்கிட்டு, மெதுவா எழுந்து மெதுவா உக்காருங்க. முதல் வாரம் அஞ்சு தடவை வந்தாலே போதும், முடியலேன்னா தலகாணி போட்டு சீட்டை உயர்த்திக்கோங்க. கால் வீங்கினா, சூடா இருந்தா, மடக்கவே முடியலேன்னா எலும்பு டாக்டர். நடை முடிஞ்சு நண்பர்களோட டிகிரி காபி, ரெண்டு மெதுவடைன்னு போற பழக்கம் உங்க ஊர்ல பிரசித்தம், அரை மணி நேரம் நடந்து செலவு பண்ணதை ஒரு வடை அப்படியே திருப்பி கொடுத்துடும். காபிக்கு நான் தடை சொல்லல, சர்க்கரை இல்லாம குடிங்க.

கேள்வி: நைட்டு சோறு நிறுத்திட்டு சப்பாத்திக்கு மாறிட்டேன், ஒரு வருஷம் ஆச்சு, வெயிட்டும் குறையல சுகரும் குறையல. கேழ்வரகு களிக்கு மாறட்டுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: எத்தனை சப்பாத்தின்னு எழுதாம விட்டுட்டீங்க பாத்தீங்களா. நாலு சப்பாத்தி, எண்ணெய் மிதக்கற குருமான்னா அது ஒரு தட்டு சோத்துக்கு குறைஞ்சது இல்ல. சென்னை மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐசிஎம்ஆரோட சேர்ந்து நாடு முழுக்க சுமார் 1 லட்சத்து 21 ஆயிரம் பேரை வச்சு பண்ண ஆராய்ச்சி 2025ல வந்துச்சு. நம்ம ஆளுங்க சாப்பிடற மொத்த கலோரில 62 சதவீதம் மாவுச்சத்து. அரிசியை எடுத்துட்டு கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வச்சா மட்டும் ஆபத்து குறையல, மொத்த மாவுச்சத்துல கொஞ்சத்தை எடுத்துட்டு அந்த இடத்துல பருப்பு, பயறு, பால், தயிர் வகை புரதம் வச்சப்போ தான் வித்தியாசம் தெரிஞ்சுது. களிக்கும் அதே கதை தான், அளவு தெரியாம உருட்டினா களியும் சோறு தான். நைட்டு ரெண்டு சப்பாத்தியோட நிறுத்திட்டு, ஒரு பெரிய கிண்ணம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ, அதே அளவு காய், சாப்பிட்டு முடிச்சதும் தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க. மூணு மாசம் கழிச்சு இடுப்பளவும் ஹெச்பிஏ1சியும் எழுதி அனுப்புங்க, இந்த தடவை சப்பாத்தி எண்ணிக்கையும் சேர்த்து.